கரித்தூளும் முப்பது பிரதிகளும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, நான் பங்கு வாங்கியிருந்த கம்பெனியின் சரக்கை எடுத்துப் பல் துலக்கினேன். பல் பளிச்சென்று ஆனது. கம்பெனி மோசடி என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் ஆதாரம் அதுதான்.

சரக்கு ஒரு கருப்புப் பொடி. கால் கிலோ பொட்டலம். பார்த்தால் சலித்த கரித்தூள் மாதிரி இருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கிறவர்கள் அதை ஆறிய கஞ்சியில் குழைத்து, விதைப் பருப்பின் மேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவை வேரில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்து காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், யூரியா வாங்கும் செலவு குறையும் என்பது கம்பெனியின் வாக்கு. அதை நம்பி ஏழு பேர் பங்கு போட்டிருந்தோம்.

அப்போது நான் திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். தகரக் கூரை, ஆறு மெஷின், மூன்று ஸ்டூலுக்குக் கால் ஆடும். ஊரில் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நான் இல்லாத இடத்தில், புளுகு மூட்டை என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. கிரிவலப் பாதையில் டிராம் வண்டி விடப்போகிறார்கள் என்று ஒரு முறை சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அடி அண்ணாமலையில் இருந்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, டிராம் நிற்கும் இடத்தருகே பெட்டிக்கடை போட இடம் பார்த்து, பந்தக்கால் வரைக்கும் போய்விட்டான். அப்புறம் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

கம்பெனியை ஆரம்பித்தவர் விவசாயக் கல்லூரியில் கிருமி சாஸ்திரம் படித்து, கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். என் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிர் வீட்டை வாடகைக்குப் பிடித்து, உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பெரிய பிரஷர் குக்கர், கண்ணாடிக் குடுவை, ஸ்பிரிட் விளக்கு என்று வைத்துக்கொண்டார். ஊர் அவருக்குக் கிருமிக்காரர் என்று பெயர் வைத்தது. சாந்தமான மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். அந்தக் குணம்தான் பின்னால் எங்கள் இருவரையும் சந்தியில் நிறுத்தியது.

பங்குப் பத்திரங்களை என்னிடமே டைப் அடிக்கக் கொடுத்தார். என் மூன்றாம் நம்பர் மெஷினில் அடித்தேன். அதில் ழகரம் மட்டும் மற்ற எழுத்துகளைவிட அரை வரி மேலே ஏறி நிற்கும். "இவருக்கு இப்பங்குகள் வழங்கப்படுகின்றன" என்ற வரியில் அது தனியாக எட்டிப் பார்த்தது. நானே அடித்த பத்திரத்தை நானே வாங்கிப் பீரோவில் வைத்தபோது, என்ன இருந்தாலும் இது நம்ம வீட்டுச் சரக்குதானே என்று ஒரு நெருடல் இருந்தது உண்மை.

அன்றே என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "பொடியில உயிர் இருக்குன்னு எப்பிடிங்க தெரியும்? ரெண்டு தொட்டி வெச்சி, ஒண்ணுல போட்டு ஒண்ணுல போடாம பாத்தீங்களா?"

நான் சிரித்துவிட்டு, இது பெரிய படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொன்னேன். சந்தேகப்பட வேண்டிய நாளில் இப்படிச் சிரித்துவிட்டு, அதற்கப்புறம் சந்தேகப்படக் கூடாத நாளெல்லாம் சந்தேகப்பட்டேன்.

அது தொடங்கியது மாசி மாதத்தில். டீக்கடையில் ஒருவர், வேலூர்ப் பக்கம் ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டிவிட்டான் என்றார். சீட்டுக் கம்பெனிக்கும் வேர் முடிச்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, எதிர் வீட்டைப் புதிய கண்ணோடு பார்த்தேன். அந்தக் கண்ணுக்கு எல்லாமே தெரிந்தது. உள்ளறையை ஏன் எப்போதும் பூட்டுகிறார்? மாதா மாதம் ஏன் பெங்களூர் பஸ் ஏறுகிறார்? நோட்டுப் புத்தகத்தில் ஏன் இங்கிலீஷில் பொடிப்பொடியாக எழுதுகிறார்? ஒரு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நோன்பு நாளில் பாய் வீடுகளில் காய்ச்சுகிற கடல்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். நம் முதலைப் போட்டு மனுஷன் இனிப்புச் செய்து சாப்பிடுகிறான் என்று முடிவு கட்டினேன். கிருமியை வளர்த்து எண்ணுவதற்கு அந்தக் கடல்பாசிதான் மெத்தை, பூட்டு வெளித்தூசி புகாமலிருக்க, பெங்களூர் தாய்க் கிருமி வாங்க என்பதெல்லாம், கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் பல் துலக்கியது. மீதியைப் பூதக்கண்ணாடியில் அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பொட்டலத்தை மடித்து, தடயமாக இருக்கட்டும் என்று இன்ஸ்டிடியூட்டின் தகரக் கூரைக்கும் குறுக்குக் கழிக்கும் நடுவில் செருகிவைத்தேன்.

பெரிய ஆதாரம் அடி அண்ணாமலையில் கிடைத்தது. மச்சான் கிணற்றுப் பாசனத்தில் மார்கழியிலேயே மல்லாட்டை போட்டிருந்தான். பாதிக் கொல்லையில் பொடி பூசிய விதை, பாதியில் பூசாதது. சைக்கிளில் போய், அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கினேன். பொடி போட்ட வேரில் முடிச்சு இருந்தது. பொடி போடாத வேரிலும் முடிச்சு இருந்தது.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலங்காலமாக மல்லாட்டை விளையும் மண்ணில் அந்த ஜாதிக் கிருமி ஏற்கெனவே கொஞ்சம் குடியிருக்கும், அதனால் ஒரு செடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பல செடிகளைப் பிடுங்கி எண்ணிப் பார்க்க வேண்டும், முடிச்சைக் கிள்ளி உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. மோசடி.

சித்திரையில் ஆடிப் பட்டத்துக்கான பொட்டலங்கள் தயாராகி, எங்களில் ஒரு பங்குதாரரான பாயின் மல்லாட்டை மண்டியில் அடுக்கப்பட்டன. வேங்கிக்காலிலும் அடி அண்ணாமலையிலுமாகப் பதினேழு குடியானவர்கள் வாங்கிப் போயிருந்தார்கள். இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் அப்போது கொல்லையும் கிணறுமாக இருந்த ஊர். இனியும் பொறுத்தால் ஊர் அழிந்துவிடும் என்று விவசாய அதிகாரிகளுக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

நல்ல மனு. இன்றைக்குப் படித்தாலும் நடை எனக்குப் பிடிக்கிறது. "கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருப்பதாகக் கூறி, மேற்படி நபர் கண்ணுக்குத் தெரியும் பொதுமக்களை ஏமாற்றி வருகிறார்" என்று ஒரு வரி. கடல்பாசி, பெங்களூர், பூட்டு எல்லாம் வரிசையாக வரும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "பொதுநலம் விரும்பி".

ஐந்து அதிகாரிகளுக்கு ஐந்து பிரதி வேண்டும். கார்பன் பேப்பர் விலை ஏறியிருந்த சமயம். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பழைய பாடங்களையே அடித்து அலுத்துப்போயிருந்தார்கள். மனுவை வேகப் பயிற்சிக்குப் பாடமாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் முப்பது பிரதி வந்தது. பிழை குறைந்த ஐந்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மீதி இருபத்தைந்து, பயிற்சித் தாள்கள் வாரா வாரம் போகிற வழியில் போயிற்று. அதாவது, தேரடி முக்கில் இருந்த போண்டாக் கடைக்கு.

பையில் இருந்த ஐந்தையும் தபாலில் போட தைரியம் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அதிகாரிக்குப் போகாத மனு, சூடான போண்டாவைச் சுற்றிக்கொண்டு ஊர் முழுக்கப் போனது. நான்காம் நாள் எங்கள் தெருவிலேயே ஒருவர் என்னை நிறுத்தி, யாரோ ரொம்பப் படித்தவர் எழுதியிருக்கிறார் என்று என் மனுவையே எனக்குப் படித்துக் காட்டினார். யார் எழுதியது என்று தெரியாததால் அதற்குப் பெரிய மரியாதை. பொட்டலம் வாங்கிய பதினேழு பேரும் ஒவ்வொருவராக மண்டிக்கு வந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்கள். கிருமிக்காரரின் வீட்டுக்காரர், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் கிருமிக்காரர் என் இன்ஸ்டிடியூட்டுக்குள் வந்தார். கையில் எண்ணெய் ஊறிய தாள். ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. தாளை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"இதுல ஒண்ணு மட்டும் தப்பு மாஸ்டர். மாசம் ஒரு தபா பெங்களூர் போறேன்னு போட்டிருக்கு. ரெண்டு தபா போறேன்."

அவர் விரல் ஓர் எழுத்தின் மேல் போய் நின்றது.

"இந்த ழகரத்தைப் பாருங்க, மேல ஏறி நிக்குது. என் பத்திரத்துலயும் இப்பிடித்தான் நிக்குது."

"சார், நான் வந்து…"

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க உஷாராயி ஓடிடுவீங்கன்னு."

"எதிர் வீட்ல இருந்து எங்க ஓடறது? அந்தக் குக்கரைத் தூக்கிக்கினா?"

பிள்ளைகளில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அவர் சிரிக்கவில்லை. அக்குளிலிருந்து அந்தப் பொடி எழுத்து நோட்டை எடுத்தார். நான் அத்தனை நாள் சந்தேகப்பட்ட நோட்டு. கடைசிப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்துக் காட்டினார். ஒவ்வொரு வாரமும் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீரில் கரைத்து, கடல்பாசித் தட்டில் தடவி, எத்தனை உயிர் முளைக்கிறது என்று எண்ணி எழுதியிருந்தார். எண்கள் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தன. மண்டிக் கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், சரக்கில் பெரும் பங்கு செத்துக்கொண்டிருந்தது.

"தப்புன்னா இது தப்பு. நான் செஞ்ச தப்பு. கிடங்கு சூடாவும்னு எனக்குத் தோணியிருக்கணும். மண்டில கெடக்கறதை எல்லாம் எடுத்துக்கினு புதுசா போட்டுத் தரலாம்னு பாய்கிட்ட சொல்லப் போனேன். வழியிலதான் போண்டா வாங்கினேன்." தாளைத் தட்டினார். "நீங்க பதினோரு குத்தம் எழுதியிருக்கீங்க மாஸ்டர். இது மட்டும் இல்ல."

அவர் மாட்டிக்கொண்டிருந்த இடம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்டிச் சரக்கை எடுத்தால், பார்த்தாயா, மனு உண்மை, ஆள் கிளம்புகிறான் என்பார்கள். எடுக்காவிட்டால் செத்த பொடியை விற்கிறவர் ஆவார். ஆடி விதைப்புக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குள் அந்தப் பதினேழு பேரும் புதுப் பொட்டலத்தை நம்பி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனியும் போகும், மோசக்காரன் என்ற பெயரோடு அவரும் ஊரை விட்டுப் போவார்.

சாயங்காலம் இருவரும் மண்டிக்குப் போனோம். பாய் எல்லாவற்றையும் கேட்டார். மனுவை வாங்கி முழுக்கப் படித்தார். கடல்பாசி வரியில் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "மனுவும் வேணாம், சத்தியமும் வேணாம். தொட்டி வெச்சிப் பாத்துடுவோம்" என்றார். என் மனைவி சொன்னதையேதான் சொன்னார். மண்டியில் இருந்து வந்ததால் எனக்கு அது இப்போது அறிவாகத் தெரிந்தது.

நான்கு தொட்டி. ஆற்று மணலை என் மனைவி நெல் அவிக்கும் அண்டாவில் போட்டு, பழைய கிருமி ஒன்றுகூட மிஞ்சாமல் வேகவைத்துக் கொடுத்தாள். ஒன்றில் வெறும் விதை. ஒன்றில் புதிதாகச் செய்த பொடி. ஒன்றில் கிடங்குப் பொடி. நான்காவதில், பாய் கேட்டதற்காக, நான் கூரையில் செருகிவைத்திருந்த தடயப் பொட்டலம். தொட்டிகளின் அடியில் பாயே அடையாளம் போட்டார். எங்கள் இருவரையும் வெளியே நிற்கவைத்துவிட்டு இடம் மாற்றி மாற்றி வைத்தார். "எது எதுன்னு எனக்கும் அல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். தண்ணீர் ஊற்றும் வேலையும் அவருக்கே.

அந்த முப்பத்தைந்து நாளும் நான் தினம் மண்டிப் பக்கம் போனேன். முதலில், பொடி பொய்யாக இருந்தால் என் பணம் போயிற்றே என்று பயந்தேன். பிறகு, மெய்யாக இருந்தால் என் மானம் போயிற்றே என்று பயந்தேன். மூன்றாம் வாரத்தில் ஒரு தொட்டி மட்டும் கரும்பச்சையாகவும் மற்றவை சோகை பிடித்த மாதிரியும் ஆனபோது, எது எந்தப் பயத்துக்குச் சேரும் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே பயந்தேன்.

ஆனி பிறந்ததும் பாய் பத்துப் பேர் பார்க்கத் தொட்டிகளைக் கவிழ்த்து, வேரைப் பக்கெட் தண்ணீரில் அலசினார். கரும்பச்சைச் செடியின் வேரில் கடுகு கொட்டின மாதிரி முடிச்சு. கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பு. அடையாளத்தைப் பார்த்தார்கள். புதுப் பொடி. கிடங்குப் பொடித் தொட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து முடிச்சு. மற்ற இரண்டிலும் ஒன்றுகூட இல்லை. ஒன்று வெறும் விதை. இன்னொன்று என் தடயம்.

"பல் தேச்சது போக மீதியும் செத்துப்போச்சா?" என்றாள் என் மனைவி. பல் துலக்கிய விஷயம் அன்றுவரை மண்டிக்குத் தெரியாது.

கிருமிக்காரருக்கு அன்று ஏக சந்தோஷம். தன் சரக்கில் பெரும் பங்கு செத்தது என்று ஊருக்கு முன்னால் நிரூபணம் ஆனதில் ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நான் நினைக்கவில்லை.

நான் உடனே மறுப்பு ஒன்று எழுதினேன். அதையும் பாடமாகக் கொடுத்து, முப்பது பிரதி அடிக்கவைத்து, போண்டாக் கடைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் என்னிடம், "இது வேணாங்க மாஸ்டர். முன்னாடி குடுத்தீங்களே, அந்தப் பேப்பர் இருந்தா குடுங்க. ஜனங்க கேக்கறாங்க" என்றார்.

இதைக் கிருமிக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரெல்லாம் வேண்டாம், தன்னோடு வந்து பதினேழு வீட்டிலும் நேரில் சொன்னால் போதும் என்றார். எனக்குப் பல் வலி என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பொடியில் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார். அவர் பேசி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அது.

முதல் வீடு மச்சானுடையது. நான் வேண்டுமென்றே அதை முதலில் வைத்துக்கொண்டேன், திட்டு வாங்கினால் சொந்தத்திலேயே வாங்கித் தொலைத்துவிடலாம் என்று. சைக்கிளை நிறுத்திவிட்டு, கிருமிக்காரர் பக்கத்தில் நிற்க, அந்த மனுவை எழுதியது நான்தான் என்று சொன்னேன். 

மச்சான் கிட்டே வந்தான்.

"எது, அந்த போண்டா பேப்பரா? நீங்களா மாமா எழுதனது?"

"நான்தான்."

"நெசமா?"

"நெசமாத்தான்டா. எல்லாம் தப்பு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கோபம் வரும் என்று காத்திருந்த எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. வீட்டுக்குள் திரும்பி, "இந்தாம்மே, அந்தக் கரிப்பொடி நல்லதுதானாம். கெட்டதுன்னு எழுதனது நம்ம மாமாவாம்" என்று குரல் கொடுத்தான். பிறகு என்னிடம், "டிராம் விட்ட கைதானே மாமா இது? மொதல்லயே பேரு போட்டிருந்தா நாங்க ஏன் திருப்பித் தரப்போறோம்?" என்றான்.

செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. நாலாவது வீட்டிலிருந்து நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒரு மனிதரின் நல்ல பெயரை என் எழுத்துத் திறமை கெடுத்தது. என் கெட்ட பெயர் அதைத் திருப்பிக் கொடுத்தது.

வேங்கிக்காலில் கடைசி வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வயதானவர். பொட்டலத்தைக் கையில் வைத்து எடை பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இவரு எழுதினாரு, எழுதல, அது கெடக்கட்டும். இது உயிரோட கீதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

கிருமிக்காரரின் முகத்தை நான் பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளை முகம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கிடங்கு, தகரக் கூரை, செத்த சரக்கு, தொட்டி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார். பெரியவர் இடையிடையே குறுக்கே விழுந்து கேட்டார். நான் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் சைக்கிளில் ஊர் திரும்ப முடியுமா என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் பெரியவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். முக்கால் கொல்லைக்குப் போட மாட்டேன், கால் கொல்லைக்குத்தான் போடுவேன், அறுப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றைக்குப் பதினேழு பேர் வாங்கியதில், தன்னை நம்பி வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்று திரும்பி வரும்போது கிருமிக்காரர் சொன்னார். மற்றவர்களெல்லாம் என்னை நம்பாமல் வாங்கியவர்கள்.

அடுத்த போகத்துக்குப் பொட்டலத்தில் அச்சடிக்க இரண்டு வரி எழுதி, டைப் அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மூன்றாம் நம்பர் மெஷினில்தான் அடித்தேன். முதல் வரி: "சந்தேகம் இருந்தால் வேகவைத்த மணலில் இரண்டு தொட்டி வைத்துப் பார்க்கவும்." இரண்டாவது: "தகரக் கூரையின் கீழ் வைக்கக் கூடாது."

முதல் வரி என் மனைவியுடையது என்று வீட்டில் எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டாவது வரி யாரைப் பற்றியது என்று ஊருக்கே தெரியும். மண்டிக் கிடங்கைப் பற்றியதுதான் அது என்று நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை.